ஓட்டை ஓரத்தில் இருந்தது

ரூபர்ட் ஹவுன்செல் உறிஞ்சிக்கொண்டிருந்த எலும்பில் ஓர் ஓட்டை இருந்தது.

முயலின் மேற்கை எலும்பிலும் ஓட்டை உண்டு. முழங்கை மடிப்புக்கு நேர் மேலே, நடுவில். இது ஓரத்தில் இருந்தது. நாக்கு அதைத் தொட்டது. நம்பாமல் மறுபடியும் தொட்டது. மண்ணிலிருந்து எடுப்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பது தொல்லியலில், அவன் தொழிலில், வழக்கம். கல் என்றால் வழுக்கும், எலும்பு என்றால் ஒட்டும். ரூபர்ட்டின் நாக்கு நன்றாகப் படித்த நாக்கு.

ஓரத்தில் ஓட்டை என்றால் பூனை.

"என்ன கண்ணு, எலும்பை வாயிலேயே வச்சுக்கிட்டு யோசனை?"

எதிரே மாமியார் ஹெஸ்டர் பார்டி. அவளுக்கு ஊரில் எல்லோரும் கண்ணு. கோபம் வந்தால்தான் பேரோ பட்டமோ வாயில் வரும். இரண்டு வாரமாக ரூபர்ட் அவளுக்கு டாக்டர். இன்று காலையில்தான் மறுபடி கண்ணு ஆகியிருந்தான்.

"ருசியா இருக்கு அத்தை" என்றான், எலும்பை வாயில் வைத்தபடியே.

"உறிஞ்சு, உறிஞ்சு. கூச்சப்படாதே."

எலும்பைத் தட்டில் வைக்க முடியாது. பக்கத்தில் மனைவி மார்லீன் இருந்தாள். பன்னிரண்டு வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள். பூனை எலும்பு அவளுக்கும் தெரியும். அதனால் உறிஞ்சினான்.

நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையில் பார்டீஸ் கோவ் என்ற இந்த ஊருக்கே மாமியார் வீட்டுப் பேர்தான். முதலில் வந்து இங்கே குடிசை போட்டவன் சாமுவேல் பார்டி. அவன் வீட்டுப் பின்புறக் குப்பைக்குழியை ரூபர்ட் மூன்று கோடைகள் தோண்டினான். எழுதத் தெரியாதவர்கள் எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், எந்தக் குளிரில் பட்டினி கிடந்தார்கள் எல்லாம் குப்பையில் இருக்கும். காட் மீனின் தலைகள் மட்டும் குவியலாகக் கிடைத்தன. உடம்புகள் காய்ந்து கப்பலேறிப் போயிருந்தன. உடம்பை விற்றுவிட்டுத் தலையைத் தின்றவர்கள். அப்புறம் கடல்நாய், முயல். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பூனை எலும்பு. அதில் கத்திக் கீறல். பானையில் உருண்டு உருண்டு நுனி பளபளத்திருந்தது.

இரண்டு வாரம் முன்னால், இதே தேவாலயக் கூடத்தில், ஊரைக் கூட்டி வைத்து அவன் பேசினான். "அந்தப் பூனை எலும்புப் படத்தை மட்டும் காட்டாம விட்டுடு" என்று மார்லீன் சொல்லியிருந்தாள். விடவில்லை.

"கத்தி பட்டிருக்கு. பானையில வெந்திருக்கு. பானையில கிடந்தா, தின்னாங்கன்னு அர்த்தம்" என்றான்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது. "பார்டி வீட்டம்மா நல்ல சமையல்காரி போலிருக்கு" என்றும் சேர்த்தான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் காது சுட்டது.

மறுநாள் ஹெஸ்டர் வீட்டு வாசலில் யாரோ பூனைத் தீனி மூட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். கடையில் யாரோ மியாவ் என்றார்கள். ஹெஸ்டர் கடைக்குப் போவதை நிறுத்தினாள். மார்லீன் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சமாதானத்துக்கு ஹெஸ்டரே வழி சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்துக்கு அவன் வர வேண்டும். அவள் கையால் செய்த முயல் குழம்பை ஊர் பார்க்கச் சாப்பிட வேண்டும். எழுந்து நின்று, சாமுவேல் பார்டி பூனை தின்னவில்லை என்று சொல்ல வேண்டும். மார்லீன் அவனோடு வீட்டுக்கு வருவாள். பெட்டியை இப்போதே காரில் ஏற்றியாயிற்று.

ரூபர்ட் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதற்கும் வெட்கப்பட்டான்.

இப்போது கையில் பூனை.

மார்லீன் ரொட்டிக்குத் திரும்பிய நேரம் எலும்பைக் கைக்குட்டைக்குள் இறக்கி, மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தான். இடது மேற்கை. நுனி வழவழப்பு. நடுவில் மெல்லிய கீறல்கள், வரிசையாக. யாரோ கத்தியால் சதையை வழித்திருக்கிறார்கள்.

"எதைப் பாக்கறே?" என்றாள் மார்லீன்.

"மூக்கு சிந்தினேன்."

"மேஜைக்குக் கீழேயா?"

ஒரு எலும்பை வைத்து எதையும் சொல்லக் கூடாது. மாணவர்களுக்கு அவன் சொல்லித் தருவது. இன்னொரு பூனை எலும்பு கிடைத்தால் உறுதி. கிடைக்காவிட்டால் ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம். கூடம் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் எலும்புகள்.

எழுந்தான்.

"நான் தட்டெல்லாம் எடுக்கறேன் அத்தை. நீங்க உக்காருங்க."

ஹெஸ்டர் கையை நெஞ்சில் வைத்தாள். "பாத்தீங்களாடி? படிச்ச மனுஷன் எச்சில் தட்டு எடுக்கறான். என் மருமகன்."

தட்டுகளை அடுக்குவதுபோல் அடுக்கி, எலும்புகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே போனான். போடுமுன் விரலால் ஒவ்வொன்றையும் தடவினான். ஓட்டை நடுவில். நடுவில். நடுவில். எல்லாம் முயல். கிடியன் டிசார்ட் என்ற கிழவர் மட்டும் தட்டை விடவில்லை.

"நான் இன்னும் முடிக்கலடா."

"எலும்புதானே இருக்கு."

"எலும்புதான் கடைசியில. பல்லு போனவனுக்கு அதுதான் சந்தோஷம். நீ ஏன் என் தட்டையே முறைக்கறே? பசியா?"

"இல்லை. அந்தப் பெரிய எலும்பை ஒரு தடவை காட்டுங்களேன்."

கிடியன் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு எலும்பை வாயிலிருந்து எடுத்து நீட்டினார். நடுவில்.

"நன்றி" என்றான் ரூபர்ட். திருப்பிக் கொடுத்தான்.

"ஹெஸ்டர்!" கிழவர் கூடத்துக்கே கேட்கக் கத்தினார். "உன் மாப்பிள்ளைக்குப் பத்தலையாம்! என் வாயில இருக்கறதைக் கேக்கறான்!"

சிரிப்பு எழுந்தது. ஹெஸ்டர் ஒரு தட்டோடு வந்துவிட்டாள். குழம்பு, டர்னிப், உப்பு மாட்டிறைச்சி, மேலே மாவுருண்டைகள்.

"வாய் விட்டுக் கேட்டா என்ன கண்ணு? அடியில இருந்து தோண்டிப் போட்டிருக்கேன். நீதான் தோண்டறவனாச்சே."

சமாதானமாகி அவள் செய்த முதல் கேலி அது. கண்கள் ஈரமாக இருந்தன. ரூபர்ட் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் நின்று பார்த்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தலையாட்டல். அவன் வாழ்நாளில் யாரையும் இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் வெட்கம் ஒரு பிடி ஏறியது. பூனை சமைத்தவளுக்காக வெட்கம். அவளை ஊர் நடுவில் நிறுத்தி அதைச் சொல்லக்கூடியவன் தான் ஒருவன்தான் என்பதற்காகவும்.

மாவுருண்டைகளுக்கு அடியில் எல்லாம் முயலாகவே இருந்தது.

"உனக்கு வேர்க்குது" என்றாள் மார்லீன் மெதுவாக. "பேசறதை நினைச்சா? ரெண்டே வார்த்தை. சொல்லிட்டா வீட்டுக்குப் போலாம்." அவன் கையை மேஜைமேல் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

பேசுவதற்கு முன் யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று தோன்றியது. பாதிரியார் ஸ்னூக் தனியாக ஓரத்து மேஜையில் மூன்றாவது தட்டில் இருந்தார். ரகசியம் காப்பது அவர் வேலை.

"ஃபாதர், ஒரு விஷயம். உங்களுக்குள்ளேயே இருக்கணும்."

"சொல்லு மகனே."

"ஒருத்தர் ஒண்ணைச் சமைச்சு, அது வேற ஒண்ணுன்னு சொல்லிப் போட்டா, அது பாவமா?"

"எதை எதுன்னு சொன்னாங்க?"

ரூபர்ட் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினான். "முயல்னு."

பாதிரியார் எலும்பைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது முயல் இல்லையா?"

"மியாவ்" என்றான் ரூபர்ட். அந்தச் சொல்லைவிட மென்மையாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

பாதிரியார் எழுந்தார். கைத்துண்டை வாயில் பொத்திக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியே போனார். நல்ல வேகமாகப் போனார். கூடம் திரும்பிப் பார்த்தது.

"ஃபாதருக்கு என்ன?" என்றாள் ஹெஸ்டர்.

"ஜபம் பண்ணப் போயிருக்கார்."

"வாந்தி எடுக்கற சத்தம் கேக்குதே."

ரூபர்ட் அவசரமாகத் தன் இடத்துக்குத் திரும்பினான். நாற்காலியின் கை கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டது. பை கிழிந்தது. முயல் எலும்புகள் தரையில் கொட்டின. குழம்போடு. கடைசி எலும்பு உருண்டு ஹெஸ்டரின் காலடியில் நின்றது.

அவள் குனிந்து அதை எடுத்தாள்.

"இது என்ன?" என்றாள் ஹெஸ்டர்.

"எலும்பு."

"என் விருந்து எலும்பா?"

"ஆமா."

"செத்துப்போனவங்க குப்பை முடிஞ்சு, இப்ப எங்க தட்டுக்கு வந்துட்டீங்களா டாக்டர்?"

டாக்டர். மார்லீன் தன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. ரூபர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"நான் ஒண்ணு சொல்லணும். போன தடவை இங்க பேசினப்ப தப்பாச் சொல்லிட்டேன். சாமுவேல் பார்டி வீட்டுல யாரும் பூனை தின்னலை. தோலுக்காக உரிச்சிருக்கலாம். இந்தக் குடும்பத்துல யாரும் என்னிக்கும் பூனையைச் சமைச்சதில்லை."

எங்கோ ஒருவர் கைதட்டினார். இன்னொருவர். கூடம் முழுக்கத் தட்டியது. கிடியன் டிசார்ட் மேஜையைக் குத்தினார். ஹெஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள்கள் இறங்கின. மார்லீனும் தட்டினாள்.

கைதட்டல் அடங்கிய நேரம் பக்கவாட்டுக் கதவு திறந்தது. பாதிரியார் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"ரூபர்ட்" என்றார். "அது பூனைதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

கரண்டிகள் நின்றன.

"எது பூனை?" என்றாள் ஹெஸ்டர்.

பாதிரியார் அப்போதுதான் கூடத்தைப் பார்த்தார். வெளியே திரும்பிப் போக முயன்றார். கதவுப் பக்கம் இருந்தவர்கள் வழிவிடவில்லை.

"எது பூனை டாக்டர்?"

"ஒண்ணுமில்லை அத்தை. ஒரு எலும்பு. நரியாக்கூட இருக்கலாம்."

"நரியா!" என்றாள் யாரோ ஒருத்தி.

"நாய்... இல்லை, நாய் இல்லை. நாய்னு நான் சொல்லவே இல்லை."

"நாயாம்!" என்று பின்வரிசை முன்வரிசைக்குச் சொன்னது. ஒருவர் தட்டைத் தள்ளினார். அடுத்தவர் தள்ளினார். கிடியன் எலும்பை வாயிலிருந்து எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். யோசித்தார். மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

"கொண்டா" என்றாள் ஹெஸ்டர்.

ரூபர்ட் கைக்குட்டையைக் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"முயல் எலும்பு மாதிரிதான் இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறந்ததும் அதைத்தான் சொல்ல நினைத்தான். ஆனால் யாராவது எலும்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் அவனுக்குப் பதில் தெரிந்துவிடும். அது ஒரு வியாதி.

"ஓட்டை ஓரத்துல இருக்கு பாருங்க. முயலுக்கு நடுவுல இருக்கும். இதுல சந்தேகமே கிடையாது. போன வருஷம் நெடுஞ்சாலையில லாரி அடிச்சுச் செத்துப்போன பூனையை நானே வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, அறுத்து, வேகவச்சு, எலும்பெடுத்தேன். ஆராய்ச்சிக்கு. ஒவ்வொரு எலும்பையும் இந்தக் கையால தொட்டிருக்கேன்."

"அதனால?"

"அதனால... இது பூனை."

"பூனை எப்படிச் செத்துச்சோ, பானைக்குள்ள எப்படி விழுந்துச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் மார்லீன். அம்மாவைக் காப்பாற்ற ஒரு சந்து தேடினாள். அவன் வாயைக் கட்டக் கண்ணால் கெஞ்சினாள்.

ரூபர்ட் அதைப் பார்த்தான். நிறுத்த முடியவில்லை.

"தானா விழலை. கத்திக் கீறல் இருக்கு. மெல்லிய கத்தி. ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். சமையல் கத்தி இப்படி வெட்டாது. அறுத்தவன் கை பழகினவன். இதை நிறையத் தடவை செஞ்சவன்."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. ஹெஸ்டர் சமையல் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவிழ்த்தாள். மடித்து நாற்காலிமேல் வைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

"இருபத்தாறு முயல்" என்றாள். "என் கையால உரிச்சேன். கழுவினேன். நேத்துலேர்ந்து இந்தச் சமையல்கட்டை விட்டு நகரலை. உனக்காகத்தான் பண்ணினேன். நீ வந்து சாப்பிடணும், எங்க பொண்ணு உன்னோட போகணும்னு." சுற்றிப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். "இனிமே நான் கடைக்கு மட்டுமில்ல, கோயிலுக்கும் வர வேண்டாம்."

"அத்தை, நான் அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தான் சொன்னே" என்றாள் மார்லீன். எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றாள். காரிலிருக்கும் பெட்டியை நினைத்தான். சாவி அவளிடம் இருந்தது.

அவன் சட்டையில் குழம்பு. கோட்டுப் பை கிழிந்து தொங்கியது. ஊரே அவனைப் பார்த்தது. மூன்று கோடைகள் அவன் தோண்டியபோது தேநீர் கொண்டுவந்து தந்தவர்கள். அவன் மண்ணுக்குள் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். தன்னைப் போன்ற எவனும் தோண்டாத மண்ணுக்குள்.

"எல்ட்ரெட்!" ஹெஸ்டர் சமையல்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள். "எல்ட்ரெட், இங்க வா. குழம்புப் பானையை மிச்சத்தோட அப்படியே தூக்கிட்டு வா. எல்லாரும் பாக்கட்டும். அடிவரைக்கும் பாக்கட்டும்."

மாமனார் எல்ட்ரெட் பார்டி வந்தார். அவர் ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவர். கல்யாணத்தன்று ரூபர்ட்டிடம் 'காத்து அடிக்குது' என்றார். அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. துண்டு சுற்றிய குழம்புப் பானையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். மூச்சு வாங்கினார்.

"சொல்லு" என்றாள் ஹெஸ்டர். "உன் மாப்பிள்ளை கேக்கறார். இதுக்குள்ள நாம என்ன போட்டோம்? இந்தப் பூனை எங்கிருந்து வந்துச்சு?"

எல்ட்ரெட் எலும்பைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். இவ்வளவு பேர் தன் வாயைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"முயல் நான் கண்ணி வச்சுப் பிடிச்சது, கிழங்கு நம்ம தோட்டத்தது" என்று சொல்லிக்கொண்டே, பானையைச் சுற்றியிருந்த துண்டை உருவினார். "வெளியிலேர்ந்து வந்தது இந்தப் பானை ஒண்ணுதான் ஹெஸ்டர், நம்மது பத்தாதுன்னியே, மாப்பிள்ளை கொட்டகையில பெருசா ஒண்ணு சும்மா கெடந்துச்சு, ஒரு அலசு அலசிட்டு எடுத்தாந்தேன்."